யார் இந்த அருணா ஷான்பாக்? மறைக்கப்பட்ட ஒரு குற்றமும், நர்சிங் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டியவையும்

கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் முதுநிலை பயிற்சி பெண் டாக்டர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டு கொல்லப்பட்ட வழக்கை, 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தானாக முன்வந்து எடுத்தது நினைவிருக்கும். அந்த விசாரணையில் இன்னொரு பெண்ணின் பெயரும் அடிபட்டது. அருணா ஷான்பாக். 1973-ல் மும்பையில் தாக்கப்பட்ட ஒரு நர்ஸ்.

கருணைக்கொலை பற்றி இணையத்தில் தேடினால் இவர் பெயர் வராமல் இருக்காது. சட்டம் படிப்பவர்களுக்கு இது மனப்பாடமான வழக்கு. ஆனால் அருணா வேலை பார்த்த மருத்துவமனைக்குள்ளேயே, கூட வேலை பார்த்த ஊழியரால் தாக்கப்பட்டவர் என்பதும், நடந்த குற்றத்தின் பெரும்பகுதி கோர்ட் படியே ஏறவில்லை என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அவருக்கு என்ன நடந்தது, ஏன் மறைக்கப்பட்டது, இன்றைக்கு மதுக்கரையிலோ கோவையிலோ நர்சிங் படிக்கும் ஒரு மாணவிக்கு இதில் என்ன இருக்கிறது? பார்க்கலாம்.

ஹல்திப்பூரிலிருந்து மும்பைக்கு

அருணா ராமச்சந்திர ஷான்பாக் பிறந்தது 1948 ஜூன் 1. சொந்த ஊர் கர்நாடகக் கடற்கரையில், உத்தர கன்னட மாவட்டத்தில் இருக்கும் ஹல்திப்பூர். நர்ஸ் வேலைக்காக மும்பை வந்தார். அப்போது அது பம்பாய்.

பரேல் பகுதியில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனை 1926-ல் தொடங்கப்பட்டது. மாநகராட்சி நடத்துவது. மும்பையின் ஏழை, நடுத்தர மக்கள் நம்பிப் போகும் பெரிய ஆஸ்பத்திரி. அங்கேதான் அருணா ஜூனியர் நர்ஸ். அதே மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஒருவரோடு அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

ஊரை விட்டு வந்து, பெரிய நகரத்தில் படித்து, சொந்தக் காலில் நிற்கும் 25 வயதுப் பெண். 1970-களில் நர்சிங் பல குடும்பங்களின் முதல் சம்பளக்காரப் பெண்ணை உருவாக்கிய தொழில். இன்றைக்கும் அப்படித்தான்.

அருணாவுக்கு அப்போது டியூட்டி, நாய்களை வைத்து அறுவை சிகிச்சை ஆராய்ச்சி நடக்கும் பிரிவில். அங்கே துப்புரவு வேலை பார்த்த ஊழியர் ஒருவருக்கும் அவருக்கும் வேலை விஷயமாக உரசல் இருந்ததாகப் பின்னால் வந்த பதிவுகள் சொல்கின்றன. வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அருணா கண்டித்திருக்கிறார்.

1973 நவம்பர் 27

அன்று மாலை டியூட்டி முடிந்து, உடை மாற்ற மருத்துவமனையின் அடித்தளத்துக்குப் போனார். அங்கே அந்த ஊழியர் நாய்ச் சங்கிலியை அவர் கழுத்தில் போட்டு இறுக்கி, பாலியல் வன்முறை செய்தார். அருணாவின் நகை, கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை சுமார் 7.45 மணிக்குத்தான், சுத்தம் செய்ய வந்தவர் அருணாவை ரத்தத்தோடு மயங்கிக் கிடந்த நிலையில் பார்த்தார். இரவு முழுவதும், நூற்றுக்கணக்கான டாக்டர்களும் நர்சுகளும் இருந்த அதே கட்டடத்தின் கீழே, அவர் தனியாகக் கிடந்திருக்கிறார்.

கழுத்து இறுக்கப்பட்டதில் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. மூளைத் தண்டிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் பாதிப்பு. பார்வையை உணரும் மூளைப் பகுதியும் கெட்டுப்போனது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் நடக்கவோ, பேசவோ, தன் தேவையைச் சொல்லவோ முடியவில்லை.

கோர்ட்டுக்குப் போகாத குற்றம்

இந்தக் கதையில் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

குற்றவாளி பிடிபட்டார். ஆனால் அவர் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் இரண்டே இரண்டு: கொலை முயற்சி, கொள்ளை. பாலியல் வன்முறை வழக்கிலேயே இல்லை.

காரணங்கள் இரண்டு. முதலாவது, அன்றைய சட்டம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 375-வது பிரிவு பாலியல் வன்புணர்வுக்கு மிகக் குறுகிய விளக்கம்தான் வைத்திருந்தது. அருணாவுக்கு நடந்தது அந்த விளக்கத்துக்குள் வராது. வேறு பிரிவில் வழக்குப் போட வழி இருந்தும், போடப்படவில்லை.

இரண்டாவது காரணம், நல்லெண்ணம் என்று சொல்லப்பட்ட ஒன்று. கல்யாணம் நிச்சயமான பெண், பெயர் கெட்டுவிடும், சமூகம் ஒதுக்கிவிடும் என்று நினைத்து, மருத்துவமனைத் தரப்பிலேயே அந்தப் பகுதி மறைக்கப்பட்டதாக இந்தச் சம்பவத்தை ஆராய்ந்து எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

விளைவு? 2 குற்றங்களுக்கும் தலா 7 வருஷம், ஏககாலத்தில் அனுபவிக்கும்படி தீர்ப்பு. மொத்தமே 7 வருஷம்தான். தண்டனை முடிந்து அவர் வெளியே போய்விட்டார். அருணா படுக்கையில் இருந்தார்.

மறைத்தவர்கள் அருணாவுக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த மறைப்பால் லாபம் அடைந்தது யார் என்று கேட்டால், பதில் ஒன்றுதான்.

தெருவுக்கு வந்த நர்சுகள்

நிர்வாகம் அமைதி காக்க நினைத்தபோது, நர்சுகள் சும்மா இருக்கவில்லை. அருணாவுக்கு முறையான கவனிப்பு வேண்டும், வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு வேண்டும் என்று மும்பையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் என்ற சொற்களே சட்டப் புத்தகத்தில் இல்லாத காலம் அது. அலுவலகத்தில் புகார்க் குழு வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் எந்தச் சட்டமும் நாட்டில் கிடையாது.

4-ம் வார்டை ஒட்டிய ஒரு சின்ன அறை அருணாவின் இடமானது. குளிப்பாட்டுவது, சாப்பாட்டைக் குழைத்து ஊட்டுவது, நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் கே.இ.எம். நர்சுகள்தான். அவருக்கு மீன் பிடிக்கும், பிடித்த சாப்பாடு கொடுத்தால் முகம் மலரும், அறையில் கூட்டம் சேர்ந்தால் பதற்றப்படுவார் என்பதெல்லாம் பின்னால் கோர்ட் ஆவணங்களிலேயே பதிவானது. அத்தனை வருஷம் படுத்த படுக்கையாக இருந்தும் அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. நர்சிங் படித்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

1980-களில் அந்தப் படுக்கையைக் காலி செய்து அருணாவை வேறு இடத்துக்கு மாற்ற மாநகராட்சி 2 முறை முயன்றது. நர்சுகள் போராட்டத்தில் இறங்க, முயற்சி கைவிடப்பட்டது. ரிட்டையர் ஆன நர்ஸ் ஒருவர், சம்பளமே வேண்டாம், தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேரும் நர்சிங் மாணவிகளை அருணாவின் அறைக்கு அழைத்துப் போய், இவரும் நம்மில் ஒருவர், இப்போதும் நம்மில் ஒருவர்தான் என்று அறிமுகப்படுத்துவார்கள். அருணா தாக்கப்பட்டபோது பிறந்தே இருக்காத பெண்கள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

சுப்ரீம் கோர்ட்டில் அருணா

பத்திரிகையாளர் பிங்கி விரானி 1998-ல் அருணாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2009-ல் அவரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அருணாவுக்கு உணவு செலுத்துவதை நிறுத்தி, அவரை நிம்மதியாக விடைபெற அனுமதிக்க வேண்டும் என்பது மனு.

கோர்ட் 3 டாக்டர்கள் கொண்ட குழுவை அனுப்பி அருணாவைப் பரிசோதிக்கச் சொன்னது. 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு தீர்ப்பு சொன்னது. இதில் கட்ஜு, முன்பு சென்னை ஐகோர்ட்டில் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

மனு தள்ளுபடியானது. அருணாவுக்காக முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு, இத்தனை வருஷம் அவரைப் பார்த்துக்கொண்ட கே.இ.எம். ஊழியர்களுக்குத்தான் என்றது கோர்ட். அவர்களோ, அருணா இயற்கையாகப் போகும் வரை பார்த்துக்கொள்வோம் என்றார்கள். தீர்ப்பு வந்த அன்று மருத்துவமனையில் நர்சுகள் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள்.

அதே தீர்ப்பில்தான், மீள முடியாத நிலையில் இருப்பவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த, ஐகோர்ட் அனுமதியோடு வழி உண்டு என்று முதல்முறையாகச் சொல்லப்பட்டது. 2018 மார்ச் 9 அன்று அரசியல் சாசன அமர்வு இதை இன்னும் விரிவாக்கியது. இப்படி ஒரு நிலை வந்தால் தனக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது.

அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார். 67 வயது நிறைய 2 வாரம் இருந்தது. சர்வதேச செவிலியர் தினமான மே 12 முடிந்து 6 நாள்தான் ஆகியிருந்தது. உறவினர் என்ற இடத்தில் நின்று கே.இ.எம். நர்சுகளும் ஊழியர்களும் வழியனுப்பி வைத்தார்கள்.

அப்போது இல்லாதது, இப்போது இருப்பது

1973-ல் அருணா தனக்கு ஒரு ஊழியரோடு பிரச்னை என்று முறையாகப் புகார் கொடுக்க நினைத்திருந்தாலும், அதை வாங்கி விசாரிக்கச் சட்டப்படி ஒரு அமைப்பு இல்லை. அது வர 40 வருஷம் ஆனது.

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுத்ததற்காக அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992-ல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து போடப்பட்ட வழக்கில்தான் 1997-ல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. விசாகா கமிட்டி என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்த பெயர். பிறகு 2012 டிசம்பர் டெல்லி சம்பவம். 2013-ல் பாலியல் வன்புணர்வின் சட்ட விளக்கம் விரிவாக்கப்பட்டது. அருணாவுக்கு நடந்தது இன்று நடந்தால் அது சட்டப்படி வன்புணர்வுதான். அதே 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தது. போஷ் சட்டம் என்பது இதுதான்.

மதுக்கரையில் படிக்கும் மாணவிக்கு இது எப்படிப் பொருந்தும்?

சிமென்ட் ஆலைக்குப் பேர்போன மதுக்கரை, கோவை - பாலக்காடு ரோட்டில் இருக்கிறது. கோவை வட்டாரத்தில் நர்சிங் படிக்க ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி பக்கமிருந்தும், வாளையார் தாண்டி கேரளாவிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். பி.எஸ்சி நர்சிங்கில் சேர 17 வயது போதும். பலருக்கு வீட்டை விட்டு வருவதே முதல்முறை.

சேர்ந்த கொஞ்ச நாளில் கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கிவிடும். முன்பின் தெரியாத ஆண் நோயாளியின் உடம்பைத் துடைத்துவிட வேண்டும், நைட் டியூட்டி பார்க்க வேண்டும், கூட வந்திருப்பவர்களின் கோபத்தையும் சமாளிக்க வேண்டும். தொந்தரவு நோயாளியிடமிருந்து வரலாம், அட்டெண்டரிடமிருந்து வரலாம், டாக்டரிடமிருந்தோ கல்லூரி ஆசிரியரிடமிருந்தோகூட வரலாம். பிராக்டிகல் மார்க் யார் கையில் இருக்கிறதோ, அவரைப் பற்றிப் புகார் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது விளக்கத் தேவையில்லை.

நான் ஸ்டாஃப் இல்லையே, வெறும் மாணவிதானே என்று தயங்க வேண்டாம். சட்டம் சொல்வது இவை:

• மருத்துவமனையும் நர்சிங் ஹோமும் பணியிடம்தான். பயிற்சியில் இருப்பவரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார். சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பது பிரச்னை இல்லை.

• விருப்பமில்லாமல் தொடுவது மட்டும் துன்புறுத்தல் என்றில்லை. ஆபாசப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, பாலியல் நோக்கோடு சலுகை கேட்பது, சைகைகள் எல்லாம் அடங்கும்.

• 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர், மூத்த பெண் ஊழியர். உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்கின்றன யுஜிசி விதிகள்.

• சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு அவகாசம் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

• புகார் கொடுத்தவரின் பெயரையும் விவரங்களையும் வெளியிடக் கூடாது.

• நோயாளி, பார்வையாளர் என்று அங்கே வந்துபோகும் யாராலும் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்வதும் நிர்வாகத்தின் கடமை.

• போலீசில் புகார் கொடுக்க விரும்பினால், நிறுவனம் அதற்கு உதவ வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவில் பாலியல் துன்புறுத்தல் தனிக் குற்றம்.

• மாணவிக்கு 18 வயது ஆகவில்லை என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். விஷயம் தெரிந்தவர்கள் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே அங்கே குற்றம்.

கடைசி வரியை அருணாவின் கதையோடு சேர்த்துப் படியுங்கள். 1973-ல் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யப்பட்டது, இந்தச் சட்டத்தில் தண்டனைக்குரியது.

மனசு என்ன ஆகும்?

துன்புறுத்தலுக்குப் பிறகு தூக்கம் வராது. அந்த வார்டு பக்கம் போகவே கை கால் நடுங்கும். பாடத்தில் கவனம் நிற்காது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். ஏன் அப்போதே கத்தவில்லை என்று தன்னையே குறை சொல்லத் தோன்றும். பயத்தில் உடம்பு உறைந்துபோவது இயல்பான ஒன்று. அப்போது கத்தாததால் சம்மதித்ததாக ஆகிவிடாது.

வெளியில் பார்ப்பவர்களுக்கு இது லீவு போடுவதாகவோ, மார்க் குறைவதாகவோ, ஹாஸ்டல் அறையிலேயே முடங்குவதாகவோதான் தெரியும். சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். கூட இருக்கும் தோழி, வார்டன், டியூட்டர் ஒருமுறை உட்கார்ந்து கேட்டால் விஷயம் வெளியே வரும்.

வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் கொங்குப் பக்கத்துப் பெண்களுக்கு மட்டும் உரியதில்லை. ஆனால் இங்கே அது நிறையவே உண்டு. இதைப் படிக்கும் அண்ணன்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: படிப்பை நிறுத்தினால், தப்பு செய்தவருக்கு எதுவும் ஆகாது, உங்கள் பெண்ணுக்குத்தான் தண்டனை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கவுன்சலிங் அவசியம். ஆனால் மாணவியைக் கவுன்சலிங்குக்கு அனுப்பிவிட்டு, புகாரை அப்படியே மூடிவிடக் கூடாது. மனசுக்கான உதவி ஒரு பக்கம், விசாரணை ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். சமரசம் என்பதுகூட பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் கொடுத்து முடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

உடனே செய்ய முடிந்தவை

தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வைக்கவும். மெசேஜ், கால் பதிவு இருந்தால் அழிக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லவும். உங்கள் கல்லூரியிலும், போஸ்டிங் போகும் மருத்துவமனையிலும் புகார்க் குழு உறுப்பினர்கள் யார் என்று பிரச்னை எதுவும் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளவும். அந்தப் பெயர்களை நோட்டீஸ் போர்டில் போட வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. போர்டில் இல்லையென்றால் கேட்கலாம், தப்பே இல்லை.

உதவி எண்கள்

மனநல ஆலோசனை, டெலி மனஸ்: 14416
தமிழ்நாடு சுகாதார உதவி மையம்: 104
பெண்கள் உதவி மையம்: 181
18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு: 1098
அவசர போலீஸ் உதவி: 112

நர்சிங் படிக்கும் தங்கையோ தோழியோ இருந்தால், இந்த எண்களை அவர் போனில் இன்றைக்கே சேவ் செய்யச் சொல்லுங்கள்.